ஜப்பான் காலத்துக் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் டியூஷன் எடுக்கிறேன். ஜப்பான் காலத்தை, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னால் பிள்ளைகள் திணறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித் தருவதையே இங்கே எழுதுகிறேன். அந்தக் காலத்தை நேரில் பார்த்து நினைவு வைத்திருப்பவர்களுக்கு இப்போது 90 வயதை ஒட்டி இருக்கும். அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் நான்கு தேதிகளை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 7, நம்ம ஊர்ச் சண்டை. ஜனவரி 11, கோலாலம்பூர் கைமாறியது. பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்தது.

"எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது. "பொங்கலுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள். சிலிம் ரிவர்ச் சண்டை பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு நடந்தது. சிங்கப்பூர் விழுந்த அன்று சீனப் புத்தாண்டு. பண்டிகையைப் பிடித்துக்கொண்டால் நாள் தானாக வந்துவிடும்.

அப்புறம் ரோட்டைப் பற்றிக் கேளுங்கள். இதில்தான் நம்ம ஊர்க்காரர்களிடம் விஷயம் இருக்கிறது. ஜனவரி 7 விடியுமுன், சுமார் 30 ஜப்பானிய டாங்கிகள் வடக்கே துரோலாக் ஊர்ப் பக்கமிருந்து மெயின் ரோட்டிலேயே இறங்கி வந்தன. எதிரே நின்ற பிரிட்டிஷ் தரப்புப் படையில் பஞ்சாபிகள், ஹைதராபாத் படையினர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். ரோட்டை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்குள்ளே அப்படியே கிடந்தன. மறித்து வைத்த இடங்களை டாங்கிகள் அந்த வளைவுகள் வழியாகச் சுற்றி வந்துவிட்டன. காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படாமல் ஜப்பானியர் கைக்குப் போனது. ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பின் இரண்டு பிரிகேடுகள் (பெரிய படைப்பிரிவுகள்) சிதறின. அதற்குப் பிறகு கோலாலம்பூரைக் காப்பாற்ற வழியில்லை.

அதனால் பெரியவரைக் காரில் உட்காரவைத்து மெதுவாக ஓட்டிப் போங்கள். "பழைய ரோடு எது தாத்தா?" என்று கேளுங்கள். ரப்பர் போய் இப்போது செம்பனைத் தோட்டமாக இருந்தாலும் இடம் தெரிந்தவர் கை காட்டிவிடுவார். நடமாட முடியாதவர் என்றால் ஒரு தாளில் தோட்டத்துக் கோயில், லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஸ்டோர், ஆயாக்கொட்டகை (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாம் வரைந்து முன்னால் வையுங்கள். துப்பாக்கிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டது, எங்கே ஓடி ஒளிந்தார்கள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உறவினர் யாராவது அப்போது பட்டணத்தில் இருந்தார்களா என்றும் கேளுங்கள். பினாங்கில் டிசம்பர் 11 அன்று குண்டு விழுந்தது. சிங்கப்பூரில் கடைசி நாட்களில் குழாய்த் தண்ணீருக்கே திண்டாட்டம்.

சொன்னது தேதியோடு ஒத்துப்போகாவிட்டால் பாட்டியைத் திருத்தாதீர்கள். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி, புத்தகத் தேதியை வேறு மையில் பக்கத்தில் குறியுங்கள்.

சயாம் ரயிலை, அதாவது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட வைத்த ரயில் பாதையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்க வேண்டும், அதுவும் கூட்டத்தில் வேண்டாம். தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்களில் திரும்பாதவர் ஏராளம். அவர் அப்பாவோ அண்ணனோ அதில் இருக்கலாம். பேச்சு நின்றால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுங்கள். தேநீர் போட்டுக் கொடுங்கள். அவராக ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னவர் பெயர், தோட்டத்தின் பெயர், கேட்ட தேதி மூன்றையும் பதிவின் தலைப்பிலேயே போடுங்கள். ஒரு பிரதி இன்னொரு உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். கைப்பேசி கெட்டால் எல்லாம் போய்விடும்.