கிராம் ஸ்டெயின் சொதப்பாம பண்றது எப்படி? லேபுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கிராம் ஸ்டெயின்னா பாக்டீரியாவுக்குச் சாயம் ஏத்தி, ஊதாவா நிக்கிறது கிராம் பாசிட்டிவ், பிங்க் ஆகுறது கிராம் நெகட்டிவ்னு ரெண்டா பிரிச்சுப் பார்க்கிற முறை. டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிக்கும்போது பிராக்டிக்கல் எக்ஸாம்ல எனக்கு வந்த கல்ச்சர் (லேப்ல வளர்த்த பாக்டீரியா) ஈ.கோலை. கிராம் நெகட்டிவ், பிங்க் கலர்ல குட்டிக் குட்டிக் குச்சியா தெரியணும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். ஆனா மைக்ராஸ்கோப்புல பார்த்தா பாதி ஊதா பாதி பிங்க், நடுவுல மை கொட்டின மாதிரி ஒரு திட்டு. நானும் தைரியமா ரெண்டு வகை பாக்டீரியா கலந்திருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டேன். எக்ஸ்டர்னலா வந்த சார் ஸ்லைடை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "கல்ச்சர் சுத்தமாத்தான் இருக்கு தம்பி, உன் ஸ்மியர்தான் ஊத்தப்பம் மாதிரி இருக்கு"ன்னார். மைக்ராஸ்கோப் பக்கமே அவர் போகல, வெறும் கண்ணாலயே கண்டுபிடிச்சுட்டார்.

அதனால இங்க ஸ்மியருக்கும் (ஸ்லைடுல பாக்டீரியாவை மெல்லிசா பரப்புறது), டிகலரைசருக்கும் (ஏறின ஊதாவைக் கழட்டுற ஆல்கஹாலோ அசிட்டோனோ) தான் நிறைய இடம் ஒதுக்கப் போறேன், மத்த ஸ்டெப் எல்லாம் டைம் பார்த்து ஊத்துறதுதான்.

முதல்ல இந்தக் கலர் எப்படி வருதுன்னு சுருக்கமா. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு பெப்டிடோகிளைகன்ங்கிற செல் சுவர் தடிமனா இருக்கும். கிரிஸ்டல் வயலட்ங்கிற ஊதா சாயமும் அயோடினும் உள்ள போய்ச் சேர்ந்து பெரிய கட்டி ஆயிடும், அப்புறம் ஆல்கஹால் ஊத்தினா அந்த தடிச்ச சுவர் சுருங்கி கட்டியை வெளிய விடாது, ஊதாவாவே நிக்கும். கிராம் நெகட்டிவ்ல சுவர் மெல்லிசு, அதுக்கு வெளிய கொழுப்பு கலந்த ஒரு சவ்வு, ஆல்கஹால் அந்தச் சவ்வைக் கரைச்சதும் ஊதா கழண்டு ஓடிடும், கடைசியா ஊத்துற சாஃப்ரனின் ஏறி பிங்க் ஆயிடும். இதைக் கண்டுபிடிச்ச ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் டென்மார்க்காரர், 1884ல பெர்லின்ல நிமோனியாவுல செத்தவங்களோட நுரையீரல் திசுவுல பாக்டீரியாவை மட்டும் தனியா காட்டணும்னு முயற்சி பண்ணும்போது கிடைச்ச முறை. இது குறை உள்ள முறைதான்னு அவரே அந்தக் கட்டுரைல எழுதியிருக்கார், பிங்க் சாயம் ஊத்துற ஸ்டெப் பின்னாடி வந்தவங்க சேர்த்தது. 140 வருஷம் ஆகியும் காலைல லேப் திறந்ததும் நாம பண்ற முதல் வேலை இதுதான்.

இப்ப பெஞ்சுக்கு வாங்க. கோட்டு பட்டன் போட்டிருக்கணும், கிளவுஸ், முடி நீளமா இருந்தா கட்டிக்கோங்க, போனை வெளியவே வச்சுட்டு வாங்க (கல்ச்சர் தொட்ட கையோட போனைத் தொட்டு, அந்த போனை வீட்டுல குழந்தைகிட்ட கொடுக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன்). வாயால பிப்பெட் உறிஞ்சக் கூடாது, பிளேட்டை (பாக்டீரியா வளர்க்கிற தட்டு) மூக்குகிட்ட கொண்டு போய் மோந்து பார்க்கக் கூடாது. சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா திராட்சைப் பழம் மாதிரி வாசம் வரும்னு படிச்சிருப்பீங்க, உண்மைதான், ஆனா அது தானா வந்தா வரட்டும், நீங்க போய் மோந்து பார்க்காதீங்க. இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு, நோய்க்கிருமி கல்ச்சரை பயிற்சி உள்ள ஒருத்தர் பக்கத்துல இருக்கும்போது லேப்லதான் தொடணும், வீட்டுல வளர்த்துப் பார்க்கிற வேலையே கூடாது. வீட்டுல ஆர்வமா இருக்கிறவங்களுக்கு கடைசில ஒரு வழி சொல்றேன்.

ஸ்டெப் 1, ஸ்மியர். சுத்தமான ஸ்லைடை எடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா தண்ணி உருண்டு உருண்டு ஓடும், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கோங்க. ஒரு ஓரத்துல சாதா பென்சிலோ டைமண்ட் பென்சிலோ வச்சு நம்பர் போடுங்க, மார்க்கர்ல எழுதினா ஆல்கஹால் ஊத்தும்போது பேரும் சேர்ந்து போயிடும். நார்மல் சலைன் (உப்புத் தண்ணி) ஒரே ஒரு சின்ன சொட்டு வைங்க. லூப்பை (நுனில வளையம் உள்ள கம்பி) பர்னர்ல சிவக்கச் சூடு பண்ணி பத்து செகண்ட் ஆற விடுங்க, சூடா இருக்கிற லூப்பை காலனில (பிளேட்ல பாக்டீரியா கூட்டமா வளர்ந்து புள்ளியா தெரியுறது) வச்சா 'சொய்ங்'னு சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தா கண்ணுக்குத் தெரியாத துளி காத்துல பறந்துடுச்சுன்னு அர்த்தம். காலனியை லேசா தொட்டா போதும், சுரண்டி எடுக்கக் கூடாது, குண்டூசித் தலையை விட கம்மியா. அதை சலைன்ல கலக்கி ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பரப்புங்க. காய்ஞ்சதும் ஸ்லைடை ஒரு பேப்பருக்கு மேல வச்சுப் பாருங்க, அடியில இருக்கிற எழுத்து படிக்க முடியணும். படிக்க முடியலன்னா ஊத்தப்பம். நமக்கு வேண்டியது பேப்பர் ரோஸ்ட்.

லூப்பைத் திரும்ப ஃபிளேம் பண்ணும்போது கல்ச்சரோட நேரா நெருப்புல விடாதீங்க, தெறிக்கும். கம்பியோட மேல் பகுதியை முதல்ல சூடாக்கிட்டு மெதுவா நுனிக்கு கொண்டு வாங்க.

ஸ்டெப் 2, ஃபிக்ஸ் பண்றது, அதாவது ஸ்மியர் கழுவும்போது போகாம ஸ்லைடுல ஒட்ட வைக்கிறது. ஸ்மியர் தானா காத்துல காயணும், ஈரமா இருக்கும்போதே சூடு காட்டினா செல் எல்லாம் வெந்து உருமாறிடும். காய்ஞ்ச பிறகு ஸ்மியர் மேல் பக்கமா இருக்க, ரெண்டு மூணு தடவை நெருப்புக்கு மேல சட்டுனு ஓட்டுங்க. புறங்கைல ஸ்லைடோட அடிப்பக்கத்தை வச்சா சூடு தாங்குற அளவுதான் இருக்கணும். மெத்தனால் ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டும் ஃபிக்ஸ் பண்ணலாம், எனக்கு அதுதான் பிடிக்கும், பஸ்ஸுலயும் செல்லோட வடிவம் நல்லா நிக்கும். சாரி, பஸ்னா நம்ம டவுன் பஸ் இல்ல, சீழ்.

ஸ்டெப் 3, கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிஷம், தண்ணி விட்டு லேசா கழுவுங்க. கிராம்ஸ் அயோடின் ஒரு நிமிஷம், திரும்ப கழுவுங்க. குழாயை ஸ்மியர் மேல நேரா திறக்காதீங்க, ஸ்லைடைச் சாய்ச்சுப் பிடிச்சு மேல் ஓரத்துல விட்டா அதுவா வழியும்.

ஸ்டெப் 4, டிகலரைசர், எல்லாரும் வழுக்கி விழுற இடம். உங்க லேப்ல என்ன வச்சிருக்காங்கன்னு பாட்டிலைப் படிங்க. அசிட்டோன்னா ரெண்டு மூணு செகண்ட், அவ்வளவுதான், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும். 95 சதவீத ஆல்கஹால்னா 10லேர்ந்து 20 செகண்ட். ஆனா நான் செகண்டை நம்ப மாட்டேன், ஸ்லைடைச் சாய்ச்சு சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே கீழ வழியுறதைப் பார்ப்பேன், ஊதா ஊதாவா வந்து ஒரு இடத்துல தெளிவாகும், அந்த நொடியே தண்ணி. ஒரு வாட்டி கோட்டை விட்டா கிராம் பாசிட்டிவும் பிங்க் ஆயிடும், பயந்து சீக்கிரம் நிறுத்தினா கிராம் நெகட்டிவும் ஊதாவாவே நிக்கும். ஸ்மியர் தடிப்பா இருந்தா ரெண்டு தப்பும் ஒரே ஸ்லைடுல நடக்கும், ஓரத்துல பிங்க், நடுவுல ஊதா, எனக்கு நடந்தது அதான்.

ஸ்டெப் 5, சாஃப்ரனின் 30 செகண்டுலேர்ந்து ஒரு நிமிஷம், கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்துக் காய வைங்க.

இப்ப மைக்ராஸ்கோப். முதல்ல 10எக்ஸ்ல ஃபோகஸ் பண்ணி மெல்லிசா இருக்கிற இடத்தைத் தேடுங்க, அப்புறம் ஒரு சொட்டு ஆயில் விட்டு 100எக்ஸ். ஐபீஸோட சேர்த்து ஆயிரம் மடங்கு. வடிவத்தைப் பாருங்க. காக்கைன்னா உருண்டை (நம்ம காக்கா இல்ல), பேசிலைன்னா குச்சி. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஊதா உருண்டையா திராட்சைக் கொத்து மாதிரி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பூச்சரம் மாதிரி வரிசையா, நிமோகாக்கஸ் ரெண்டு ரெண்டா. பஸ் செல்லுக்கு உள்ளயே காபிக்கொட்டை ஜோடி மாதிரி பிங்க் உருண்டை தெரிஞ்சா கொனோகாக்கஸா இருக்கலாம், உடனே சீனியரைக் கூப்பிடுங்க.

கலரை மட்டும் நம்பி பேர் சொல்லிடாதீங்க. ரெண்டு நாள் பழைய பிளேட்லேர்ந்து எடுத்தா கிராம் பாசிட்டிவ் கூட சுவர் சிதைஞ்சு பிங்க் காட்டும், அதனால 18லேர்ந்து 24 மணி நேர கல்ச்சர்தான் எடுக்கணும். டிபி கிருமிக்கு மெழுகு மாதிரி சுவர், கிராம்ல சரியா ஏறாது, அதுக்கு சீல் நீல்சன்னு தனி ஸ்டெயின் இருக்கு. மைகோபிளாஸ்மாவுக்கு சுவரே கிடையாது, தேடவே தேடாதீங்க. ஒவ்வொரு செட்லயும் கன்ட்ரோல் ஸ்லைடு (என்ன கலர் வரணும்னு முன்னாடியே தெரிஞ்ச பாக்டீரியா) ரெண்டு போடுங்க, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923, ஈ.கோலை ஏடிசிசி 25922 (ஏடிசிசிங்கிறது தரப்படுத்தின கிருமிகளைச் சேமிச்சு வச்சிருக்கிற அமைப்பு, நம்பர் அதோட பட்டியல் நம்பர்). கன்ட்ரோல்ல ஆரியஸ் பிங்கா வந்தா பேஷன்ட் ஸ்லைடையும் ரிப்போர்ட் பண்ணாதீங்க, எல்லாத்தையும் திரும்பப் போடுங்க. நேரம் இல்லைன்னு இதை விட்டுடுவாங்க, நானும் விட்டிருக்கேன், மாட்டியிருக்கேன்.

கிராம் முடிஞ்சதும் அடுத்த கேள்வி தானா வரும். ஊதா காக்கைன்னா கேட்டலேஸ் டெஸ்ட், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடுல காலனியை வச்சா நுரைச்சா ஸ்டெஃபைலோகாக்கஸ், நுரைக்கலன்னா ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இதுக்கு நிக்ரோம் லூப் வேண்டாம், அந்த உலோகமே நுரை கிளப்பிடும், மரக்குச்சி எடுங்க. பிளட் ஆகார்லேர்ந்து (ரத்தம் கலந்த வளர்ப்பு ஜெல்லி) எடுத்தா ஆகாரைச் சுரண்டாதீங்க, ரத்த செல்லும் நுரைக்கும். பிங்க் குச்சின்னா மெக்கான்கி பிளேட்டைப் (லாக்டோஸ் சேர்த்த இன்னொரு வளர்ப்பு ஜெல்லி) பாருங்க, லாக்டோஸைப் புளிக்க வைக்கிற ஈ.கோலை, கிளெப்சியெல்லா எல்லாம் பிங்க் காலனி, சால்மொனெல்லா, ஷிகெல்லா நிறமே இல்லாம வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்லணும். பிளட் கல்ச்சர்ல ரொம்ப மெதுவா வளர்ந்து, கிராம்ல பொடி மணல் மாதிரி மங்கலான பிங்க் புள்ளியா தெரிஞ்சா அது புரூசெல்லாவா இருக்கலாம். லேப்ல வேலை பார்க்கிறவங்களுக்கே அதிகமா தொத்துற கிருமிகள்ல ஒண்ணு இது, காத்து வழியாவே ஏறும். பிளேட்டை மூடி டேப் ஒட்டுங்க, பெஞ்சுல எதுவும் பண்ணாதீங்க, மைக்ரோபயாலஜிஸ்ட்கிட்ட சொல்லுங்க, மிச்ச வேலை சேஃப்டி கேபினட்டுக்குள்ள.

கல்ச்சர் கொட்டிடுச்சா, பதட்டப்படாதீங்க. டிஷ்யூ போட்டு மூடி மேல 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்) ஊத்தி அரை மணி நேரம் விட்டு அப்புறம் எடுங்க, நேரா துடைக்கப் போனா பரப்பிதான் விடுவீங்க. வேலை முடிஞ்ச பிளேட் எல்லாம் முதல்ல ஆட்டோகிளேவ் (பிரஷர் குக்கர் மாதிரி நீராவில கிருமியைக் கொல்றது), 121 டிகிரி, அப்புறம்தான் குப்பைக்கு. ஸ்லைடும் ஷார்ப்ஸும் குத்திக் கிழிக்காத டப்பாவுல.

வீட்டுலயோ ஸ்கூல்லயோ பழகணும்னா சாயமும் மைக்ராஸ்கோப்பும் கிடைச்சா தயிர் போதும். தயிருக்கு மேல நிக்கிற தண்ணில ஒரு சொட்டு எடுத்து நாலு சொட்டு தண்ணில கலந்து ஸ்மியர் போடுங்க, ஊதா குச்சியும் ஊதா சரமும் வரும். பக்கத்துலயே டூத்பிக் வச்சு உங்க பல்லிடுக்கை லேசா சுரண்டி இன்னொரு ஸ்மியர், அதுல ஊதா, பிங்க், உருண்டை, குச்சி எல்லாம் கலந்து கிடக்கும். தயிர் ஸ்லைடு பிங்கா வந்தா டிகலரைசர் அதிகம், பல் ஸ்லைடுல பிங்கே இல்லன்னா கம்மி. விரல்ல ஒட்டின ஊதா சோப்புல போகாது, ஸ்பிரிட் பஞ்சு வச்சுத் துடைச்சுக்கோங்க, அப்பவும் மிச்சம் ரெண்டு நாள் இருக்கும்.