வீட்டு முற்றத்தில் ரேஸ் கார்: என்ஜினைக் கடைசியாகத் தொடுங்கள்

தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் என் பெரியப்பா தன் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சேலைன் போத்தலில் இருக்கும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது தட்டாமல் எரியும் தன்மை, குறைவு. இழுக்கும்போது என்ஜின் டக் டக்கென்று தட்டும். அதற்காக என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே வரும் கஸ்கெட் தகட்டை இரண்டாகப் போட்டுக் கம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் அமுங்கும் அளவை, குறைத்து வைத்திருந்தார். நான் இன்றைக்குப் பரந்தனில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டிலில் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. ஹெட்டைச் சீவிக் கம்பிரஷனைக் கூட்டுகிறேன். ஆனால் அது கடைசி மாத வேலை. கொட்டிலுக்கு வரும் தம்பிமார் முதல் கேள்வியாகவே "அண்ணா, எத்தனை குதிரை கூட்டலாம்?" என்று கேட்கிறார்கள். கார் ஆளைக் காப்பாற்றவேண்டும், நிற்கவேண்டும், புழுதியில் மூச்சுவிடவேண்டும். இந்த மூன்றும் சரியான பிறகு குதிரைகளைப் பற்றி, அதாவது என்ஜினின் பலத்தைப் பற்றி, பேசலாம்.

என்னுடையது நிசான் மார்ச் கே11. 997 சி.சி., 16 வால்வு, ரைமிங் பெல்ற் இல்லை, செயின்தான். இலங்கையில் மார்ச் கார்களுக்கென்றே தனி வகுப்பு வைத்து ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. சாமானும் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். கார் வாங்கும்போது என்ஜினை விடப் பொடியை, அதாவது காரின் உடற்கூட்டை, பாருங்கள். முன் ஷொக் அப்சோபர் மேலே பூட்டுகிற இடத்தையும் ஜக் வைக்கிற விளிம்பையும் ஸ்குரூ ட்ரைவரால் குத்துங்கள். உள்ளே போனால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். வாங்கியதும், நீங்கள் ஓட நினைக்கிற போட்டியின் விதித்தாளை எடுத்து உங்கள் வகுப்பில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று வரிவரியாக வாசியுங்கள். விதி தெரியாமல் செலவழித்த காசு திரும்பி வராது.

அடுத்து உள்ளே எல்லாவற்றையும் கழற்றுவது. தரையில் சத்தத்தை அடக்க ஒட்டியிருக்கும் தார்ப் படலத்தை விடியற்காலையில் உளியால் தட்டுங்கள், ஓடு ஓடாகக் கழரும். மத்தியான வெயிலில் தொட்டால் சூயிங்கம் மாதிரி இழுபடும், அரைநாள் வேலை மூன்று நாளாகும்.

இனி ரோல் கேஜ், கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் காக்கும் குழாய்க் கூடு. இதில்தான் நான் பிடிவாதக்காரன். ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் கேஜ் கட்டித் தரச் சொல்லி ஒரு தம்பி வந்தான். முடியாது என்று திருப்பி அனுப்பினேன். அது நெடுகத் தையல் போட்ட குழாய், உருளும்போது அந்தத் தையலிலேயே பிளக்கலாம். போதாததற்கு அதிலுள்ள துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி நெஞ்சுக்குள் போகும். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதி தெளிவாக இருக்கிறது. தையலில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் உருக்குக் குழாய். ஓட்டுநருக்குப் பின்னால் வரும் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், மற்றவற்றுக்கு 38 மில்லிமீற்றரும் அதே 2.5 தடிப்பும். கேஜின் கால் நேரே தரைத் தகட்டில் நிற்கக்கூடாது. குறைந்தது 3 மில்லிமீற்றர் தடித்த, 120 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள தகட்டை முதலில் பொடியில் வெல்ட் பண்ணி, அதன்மேல் காலை வையுங்கள். இல்லாவிட்டால் கார் உருளும்போது கேஜ் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும். வளைக்கும் இடத்தில் குழாய் நசுங்கியிருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். வெல்டிங் தொடங்குமுன் பற்றரியையும் கம்பியூட்டர் பெட்டியையும் கழற்றிவிடுங்கள், பெற்றோல் ராங்கை இறக்கி வேறிடத்தில் வையுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், கையில் ஈரச் சாக்கோடு ஒரு ஆளும் நிற்கட்டும்.

சீற்றை கேஜின் காலைப் போலவே தகடு வைத்துப் பூட்டுங்கள். தோள் பட்டி பின்னால் போகும்போது கிடைக்கோட்டிலிருந்து 45 பாகைக்கு மேல் கீழிறங்கக்கூடாது. 10 பாகைக்குள் என்றால் இன்னும் நல்லது. செங்குத்தாக இறங்கினால் மோதும்போது பட்டி முதுகெலும்பை அமுக்கும். பழைய பட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் லேபிளில் காலாவதி ஆண்டு தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.

பிரேக்குக்குப் பெரிய செலவில்லை. பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு டொட் 4 ஊற்றுங்கள். புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் சூடு வரைக்கும் கொதிக்காமல் தாங்கும், ஈரம் குடித்த பிறகு 155 பாகையிலேயே கொதிக்கலாம். நம்முடைய மாரிக் காற்றில் அது ஈரம் குடிக்காமல் இருக்காது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் புதிது ஊற்றுகிறேன். 2024 ஏப்ரலில் தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து ஸ்ரியரிங், போல் ஜொயின்ற், சில்லு நட் எல்லாவற்றையும் நான் இறுக்கிய பிறகு இன்னொருவரைக் கொண்டும் இறுக்கிப் பார்க்கவைக்கிறேன்.

என் முதல் என்ஜின் புழுதியால்தான் செத்தது. கிரவல் மண் மாப்போல எங்கும் நுழையும். எண்ணெய் பூசிய ஸ்பொஞ்ச் பில்ரர் போட்டிருந்தேன், ஆனால் பில்ரருக்கும் குழாய்க்கும் நடுவே கிளிப் சரியாக இறுகவில்லை. ஆறே ஓட்டத்தில் கம்பிரஷன் போய்ப் புகை தள்ளியது. இப்போது இப்படிச் செய்கிறேன்: பில்ரருக்குப் பின்னால், குழாயின் உட்பக்கத்தில் விரலால் மெல்லிசாகக் கிறீஸ் பூசுவேன். ஓடி முடித்ததும் கழற்றி வெள்ளைத் துணியால் துடைப்பேன். துணியில் கிறீஸின் நிறம் மட்டும் வந்தால் சரி. சிவப்பாக வந்தால், அல்லது இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது நறநறவென்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை என்ஜினைத் திரும்ப ஸ்ரார்ட் பண்ணாதீர்கள். ரேடியேற்றருக்கு முன்னால் கம்பி வலை போடுங்கள். என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குக் கீழே 4 மில்லிமீற்றர் இரும்புத் தகடு, எண்ணெய் வடிக்க அதில் ஒரு ஓட்டை.

சரி, கம்பிரஷன். உங்கள் வகுப்பில் அனுமதி இருந்தால் மட்டும். இந்த என்ஜினில் ஒரு சிலிண்டர் 249 சி.சி. பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடத்தை, கஸ்கெட்டின் தடிப்பையும் சேர்த்து, ஊசிச் சிறிஞ்சால் எண்ணெய் விட்டு அளந்துகொள்ளுங்கள். 29 சி.சி. என்றால் இரண்டையும் கூட்டி வரும் 278ஐ 29ஆல் வகுங்கள், 9.6 வரும், அதுதான் கம்பிரஷன் விகிதம். ஹெட்டைச் சீவி அதை 26 ஆக்கினால் 10.6. மூன்றே சி.சி.தான், ஆனால் கார் எழும்புவது காலுக்குத் தெரியும். அதற்கு மேல் போகவேண்டாம். சீவிய பிறகு ஒக்ரேன் 92 பெற்றோலை மறந்துவிட்டு 95 ஊற்றுங்கள், அப்படியும் ஏற்றத்தில் தட்டுகிறதா என்று காது கொடுங்கள். பெரியப்பா பொனற்றைத் திறக்காமலே அந்தச் சத்தத்தைப் பிடிப்பார்.

ஓடிப்பார்ப்பது ஏ9 வீதியில் அல்ல. அறுவடை முடிந்து காய்ந்த வயலில், காணிக்காரரைக் கேட்டு ஓடுங்கள். வெறுங்காணி என்று கண்ட இடத்தில் இறக்காதீர்கள். மிதிவெடி அகற்றிக் கையளித்த இடம்தானா என்று ஊராரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பத்துச் சுற்று ஓடிவிட்டு ஒவ்வொரு நட்டையும் பாருங்கள். நான் இறுக்கியதும் நட்டின்மேலும் பொடியிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். கோடு இரண்டாக முறிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டத்துக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நமக்குக் கிட்டவுள்ள ஓட்டம் அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குறொஸ். போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் நிற்பார்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, லொறியில் காரைக் கட்டிய பட்டிகளை அங்கேயே ஒருமுறை இறுக்கிவிடுங்கள். முதல் அரைமணி ஓட்டத்தில் ரயரும் ஸ்பிறிங்கும் அமுங்கி, பட்டிகள் கட்டாயம் தளர்ந்திருக்கும்.