பிக், பிக் அப்: கொழுந்துல இருந்து ஆரம்பிச்சு பழகலாம் வாங்க

கோத்தகிரி பக்கம் டூரிஸ்ட் யாராச்சும் டீ தோட்டத்தைக் காட்டி அங்க என்ன வேலை நடக்குதுன்னு கேட்டா நம்ம பசங்க பாதிப்பேரு "தே ஆர் பிக்கிங் அப் டீ லீவ்ஸ்"னு சொல்றாங்க, கேக்குறவருக்கு கீழ கொட்டிக் கிடக்குற இலையைப் பொறுக்குறாங்க போலன்னு தான் தோணும். செடியில இருந்து பறிக்கிறதுக்கு வெறும் பிக், இல்லன்னா பிளக். அப் சேர்ந்தா கதையே வேற.

ஸ்டெப் 1: கீழ கிடக்குறத எடுக்குறது. ரோட்டுல விழுந்த கேரட்டை குனிஞ்சு எடுத்தா "ஐ பிக்ட் அப் த கேரட்". அவ்ளோதான்.

ஸ்டெப் 2: போய் கூட்டிட்டு வர்றது, ஏத்திட்டுப் போறது. "கேன் யூ பிக் மீ அப் அட் த குன்னூர் பஸ் ஸ்டாண்ட்?" ஃபேக்டரி வண்டி வந்து இலை மூட்டைய ஏத்திட்டுப் போகுதுல்ல, அதுவும் இது தான், ஆக பறிக்கிறவங்க பிக் பண்றாங்க, வண்டி பிக் அப் பண்ணுது. "பிக் அப் சம் வர்க்கி ஆன் யுவர் வே ஹோம்"னா வர்ற வழியில வாங்கிட்டு வான்னு அர்த்தம் (காசு குடுத்து தாங்க).

ஸ்டெப் 3: இங்க தான் நிறைய பேரு சறுக்குறாங்க, நிதானமா படிங்க. "பிக் அப் த பேக்", "பிக் த பேக் அப்" ரெண்டுமே சரி. ஆனா பேக்னு சொல்லாம இட், ஹிம், ஹெர், மீ, தெம் மாதிரி வந்துட்டா அது நடுவுல தான் உக்காரணும், "பிக் இட் அப்" தான், "பிக் அப் இட்" கிடையவே கிடையாது. வாய்விட்டு பத்து தடவை சொல்லிப் பாருங்க, இலக்கணத்தை மனப்பாடம் பண்றத விட இது சீக்கிரம் ஒட்டிக்கும்.

ஸ்டெப் 4: கையால எடுக்காத பிக் அப். பக்கத்து வீட்டுக்காரங்க பேசுறத கேட்டே படுகு மொழி வந்துருச்சா, "ஐ பிக்ட் அப் படுகா ஃப்ரம் மை நெய்பர்ஸ்", கிளாஸ் போய் படிச்சா அது லேர்ன். சளி புடிச்சா "பிக்ட் அப் எ கோல்ட்". ஏப்ரல், மே சீசன்ல வியாபாரம் சூடு புடிக்குதுல்ல, "பிசினஸ் பிக்ஸ் அப் இன் ஏப்ரல்". நம்ம மலை ரயில் கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல ஊர்ந்து ஏறும், குன்னூர் தாண்டுனா தான் கொஞ்சம் வேகம் எடுக்கும், "த ட்ரெயின் பிக்ஸ் அப் ஸ்பீட் ஆஃப்டர் குன்னூர்".

அப்புறம் ஃபோன். தமிழ்ல "பிக் பண்ணல"ன்னு சொல்லிட்டுப் போலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ்ல "ஹி டிடின்ட் பிக் அப்"னு அப் கண்டிப்பா வரணும், "பிக் எ ஃபோன்"னா கடையில நாலு ஃபோனை வச்சு ஒண்ணை செலக்ட் பண்ணுன்னு ஆயிடும்.

இப்ப விடையைப் பாக்காம சொல்லுங்க: தம்பியை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வா. ஒரு கலர் செலக்ட் பண்ணு. காத்து பலமாகுது.

விடை: "பிக் யுவர் பிரதர் அப் ஃப்ரம் ஸ்கூல்", "பிக் எ கலர்", "த விண்ட் இஸ் பிக்கிங் அப்".