யாங்கூன் புழுக்கத்தில் நழுவாத ஹிஜாப்

மே முதல் அக்டோபர் வரை மியான்மரின் யாங்கூனில் மழையும் புழுக்கமும்தான். என் ஜார்ஜெட் ஹிஜாப் பஸ் ஏறுவதற்குள் பின்னால் சரிந்துவிடும். ஓரமெல்லாம் கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து வேறு ஒட்டிக்கொள்ளும். தெய்ன்ஜி சந்தையில் மெல்லிய பருத்தி வாயில் (voile) துணி வாங்கி ஓரம் அடித்தேன். உள்ளே முடியை இறுக்கிப் பிடிக்கும் பருத்தித் தொப்பி. தாடைக்குக் கீழே ஒரு ஊசி, தோளில் ஒன்று. தனாக்கா நன்றாகக் காய்ந்த பிறகே கட்டுகிறேன். அப்புறம் சரியவே இல்லை.

"கறுப்புதானேம்மா அடக்கம்?" என்றார் மாமி. குர்ஆன் 24:31 முக்காட்டை மார்பின் மேல் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. நிறம் எதையும் சொல்லவில்லை. பூப்போட்ட தமெய்னுக்கு, அதாவது இடுப்பில் சுற்றிக் கட்டும் பர்மியப் பாவாடைக்கு, பச்சை ஹிஜாப்தான் எனக்குப் பிடிக்கும், கட்டுகிறேன். படியேறும்போது தமெய்ன் விலகுவதுதான் பெரிய தொல்லை; அதற்கு மடிப்பின் உள்பக்கம் ஒரு கொக்கி தைத்துவிட்டேன்.