டிரஃபால்கர் கப்பல்களின் பெயரில் பள்ளிப் பிள்ளைகளோடு தோப்பு நடும் முறை

1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயின் கரையோரம் டிரஃபால்கரில் பிரெஞ்சு-ஸ்பானியக் கடற்படையோடு போரிட்ட பிரிட்டன் கடற்படைத் தளபதி நெல்சனின் அணியில் 33 கப்பல்கள் இருந்தன. அந்தப் போரின் இருநூறாம் ஆண்டான 2005இல் பிரிட்டனின் காடு காக்கும் அறக்கட்டளையான உட்லண்ட் டிரஸ்ட் கப்பலுக்கு ஒன்றாகத் தோப்புகளை நட்டது. அதைச் சிறிய அளவில் எங்கள் பகுதிப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். நில அனுமதி இருக்கிறது என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதலில், 33 பெயர்களையும் சீட்டெழுதிக் குலுக்கி, இருவருக்கு ஒரு கப்பலாகக் கொடுங்கள். எல்லோரும் நெல்சனின் தலைமைக் கப்பலான விக்டரியையே கேட்பார்கள். ஊறுகாய் என்று பொருள்படும் பிக்கிள் கிடைத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். வெற்றிச் செய்தியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது அந்தச் சிறு கப்பல்தான் என்று சொன்னால் போதும்.

அடுத்து, நவம்பர் முதல் மார்ச் வரை, இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில், வேரில் மண் ஒட்டாமல் கட்டாக வரும் 40 முதல் 60 செ.மீ. உயரக் கன்றுகளை வாங்குங்கள். தொட்டிக் கன்றுகள் பிள்ளைகளின் கைக்குக் கனம், விலையும் கூடுதல். விக்டரியைக் கட்ட ஏறத்தாழ 6,000 மரங்கள், பெரும்பாலும் ஓக், தேவைப்பட்டன என்பதால் ஓக் முதன்மையாக இருக்கட்டும்; பிர்ச், ரோவன், ஹேசல் ஆகியவற்றையும் கலந்து, இரண்டு மீட்டர் இடைவெளியில் குச்சி ஊன்றி இடம் குறியுங்கள்.

நான் இடறியது இதற்குப் பிறகுதான். பிள்ளைகள் வருவதற்கு முன்பே கன்றுகளைக் குச்சிகளின் அருகே அழகாக அடுக்கி வைத்தேன். வரவேற்புரை முடிவதற்குள் குளிர்காற்று வேர்களை உலர்த்திவிட்டது, வசந்தத்தில் பாதிக்கு மேல் துளிர்க்கவில்லை. எனவே குழி திறந்த பின்னரே பையிலிருந்து ஒரு கன்றை எடுக்க வேண்டும். நேரான அலகுள்ள மண்வெட்டியை ஆழமாக இறக்கி முன்னும் பின்னும் அசைத்தால் பிளவு விரியும்; ஒருவர் வேர் மேல்நோக்கி மடங்காதபடி கன்றைப் பிடிக்க, மற்றவர் குதிகாலால் மண்ணை இறுக்க வேண்டும். முன்பு மண்ணில் இருந்த மட்டத்திற்கு மேல் தண்டைப் புதைக்கக் கூடாது. மெல்ல இழுத்தால் கன்று அசையவும் கூடாது. விளையாட்டு மண்வெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவற்றால் புல்வேர் அறாது.

முயலைத் தடுக்கும் காப்புக் குழாயை மூங்கில் குச்சியோடு மாட்டுங்கள். மான் நடமாடினால் 1.2 மீட்டர் குழாய் வேண்டும்.

பின்சேர்க்கை: குழாய் இருந்தும் கன்றுகள் வாடியதாகச் சிலர் எழுதினர். பெரும்பாலும் காரணம் புல். அது நீரைப் பறித்துக்கொள்ளும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை முதல் மூன்று ஆண்டுகள் புல்லின்றி வைத்து, மரத்துண்டுகளைத் தண்டில் படாமல் பரப்புங்கள்.

கன்று கிடைக்காவிட்டால் ஓக் கொட்டைகளையே விதைக்கலாம். டிரஃபால்கரில் ராயல் சாவரின் கப்பலில் இருந்து போரிட்ட, நெல்சனுக்கு அடுத்த தளபதியான காலிங்வுட், ஊரில் நடக்கும்போது அவற்றைப் பையில் வைத்திருந்து, தகுந்த இடம் கண்டால் மண்ணில் ஊன்றிவிடுவாராம்.