கணப்பு அடுப்பு சூடேறவில்லையா? முதலில் விறகைப் பாருங்கள்

விறகு எரித்து வீட்டைச் சூடாக்கும் கணப்பு அடுப்பின் கதவுக் கண்ணாடி கறுத்து, அடுப்பு புகைந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஈர விறகுதான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும். சரியாக எரியாத புகை குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும். அது தீப்பிடித்தால் கூரைக்கே ஆபத்து.

ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரப்பதமானியைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தாதீர்கள், அங்கே பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். அப்போதே பிளந்து, புது முகத்தின் நடுவில் குத்துங்கள். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக.

10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் பிளந்து, தரையில் படாமல் பலகைச் சட்டத்தின் மேல், காற்று புகும்படி அடுக்குங்கள். தார்ப்பாய் மேலே மட்டும் போதும். பக்கங்களையும் மூடினால் பூஞ்சை பிடிக்கும். மென்மரத்துக்கு ஓராண்டு, ஓக் போன்ற கனத்த மரத்துக்கு இரண்டு ஆண்டாவது விடுங்கள்.

அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கதவோரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கயிற்றை மாற்ற வேண்டும். புகைபோக்கியில் படிவு 3 மி.மீ. சேர்ந்தாலே சுத்தம் செய்துவிடுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு சில நாள்கூட உயிரோடிருக்கும்.