தமிழ் வாசிப்பும் எழுத்தும் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்க வரும் பிள்ளை முதலாந் தரத்தில் அமரும்போதே மூன்று மொழிகளுக்குப் பழகியிருக்கும். வீட்டில் யாழ்ப்பாணத்துப் பேச்சோ மலையகப் பேச்சோ முஸ்லிம் குடும்பங்களின் பேச்சோ ஒலிக்கும். கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம். முன்பள்ளியில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துப் பாட்டு. இப்படி வரும் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைத் தமிழுக்கும் அப்படியே பொருத்துவதே முதலாவது பெருந்தவறு என்பேன். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதால் ஒவ்வோர் ஒலியையும் தனியே பிரித்துக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் சிறு பிள்ளையின் காதுக்கு இயல்பாகப் பிடிபடுவது உயிர்மெய். ‘படம்’ என்பதை ‘ப, ட, ம்’ என்று சேர்க்கச் சொன்னால் பிள்ளை சொல்லைப் பிடித்துக்கொள்ளும். ‘ப், அ, ட், அ, ம்’ என்று உடைத்தால் ஐந்து துண்டுகளுக்கிடையே சொல் தொலைந்துவிடும். மெய்யையும் உயிரையும் பிரித்துக் காட்டுவது, உயிர்மெய் எழுத்துகள் ஓரளவு கைவந்த பின் செய்ய வேண்டிய வேலை. ‘பானா, டானா’ என்று பெயர் சொல்லிப் பழக்கும் பழைய வழக்கமும் இதே இடரைத் தருகிறது. பெயர்களைச் சேர்த்தால் சொல் வராது.

அடுத்தது, 247 எழுத்துகளையும் அட்டவணை வரிசையில் முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போவது. அ முதல் ஃ வரை ஒப்புவிப்பதில் தவறில்லை. ஏடு தொடக்கிய பிள்ளைக்கு அது மகிழ்ச்சியும்கூட. ஆனால் வரிசைப்படியே போனால் க வரிசையை அடுத்து ங வரிசை வரும். ‘ங்’ என்பதைத் தவிர அந்த வரிசையில் பிள்ளை வாசிக்கும் சொற்களுக்குப் பயன்படுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. ட, ப, ம, ர ஆகிய நான்கை மெய் வடிவங்களோடு கற்பித்த அன்றே படம், மடம், மரம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்க முடியும். அவற்றோடு அரவு (ா) ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம் கிடைக்கும். குறிலுக்கும் நெடிலுக்கும் பொருள் மாறுவதைப் பிள்ளை அங்கேயே கண்டுகொள்ளும்.

குறிகளைக் கற்பிப்பதில் பெரியவர்கள் கவனிக்காத சிக்கல்கள் உண்டு. ‘கெ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககரம்; எழுதும்போதோ கொம்புதான் முன்னே நிற்கிறது. அதனால் சொல்வதெழுதலில் பிள்ளை முதலில் க எழுதிவிட்டுக் கொம்புக்கு இடம் தேடும். அதைக் கவனக்குறைவு என்று கடிவது அநியாயம். கு, பு, து மூன்றையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒரே உகரம் மூன்று விதமாக வளைகிறது. எல்லா உயிர்மெய்க்கும் ஒரே விதி என்று சொல்லாமல், இவற்றைத் தனித்தனிக் குழுக்களாகப் பழக்க வேண்டும். ககரத்தின் ஒலியும் இடத்துக்கேற்ப மாறும்: காகம், பக்கம், தங்கம் மூன்றையும் உரக்க வாசித்துக் காட்டினால் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

பிள்ளை பாடநூலைத் தடங்கலின்றி வாசிக்கிறது என்று மகிழுமுன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். படத்தை மறைத்துவிட்டு, பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால், அது மனப்பாடம். கொழும்பில் இதற்கு நல்ல மாற்றுப் பயிற்சி வீதியிலேயே இருக்கிறது: மும்மொழிப் பெயர்ப்பலகைகள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கடலோர ரயில் நிலையங்களின் பெயர்களைத் தமிழில் வாசிக்கக் கேட்டால் ஒற்றும் கொம்பும் உயிர்மெய்யும் ஒருங்கே வந்துவிடும்.

மயங்கொலிகளில், பிள்ளையின் பேச்சைத் திருத்தியே எழுத்தைத் திருத்திவிடலாம் என்று நினைக்கிறார்கள். நம்மில் பலர் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். வீட்டுப் பேச்சைக் குறை சொன்னால் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது. வலி, வழி, வளி ஆகியவற்றைப் பொருளோடும் வாக்கியத்தோடும் கண்ணுக்குப் பழக்குவதே பயன் தரும். ண, ந, ன மயக்கத்துக்கு உறுதியான துணை ஒன்று உண்டு. ட வின் முன் ண், த வின் முன் ந், ற வின் முன் ன் வரும்: வண்டு, பந்து, கன்று. இதை மட்டும் நன்கு பழக்கினாலே கொப்பியில் பல பிழைகள் குறைந்துவிடும்.

இலக்கணத்தில் வரைவிலக்கணங்களை மனனம் செய்விப்பது வீண். ‘மாடு வந்தது, மாடுகள் வந்தன’ என்று பல வாக்கியங்களைச் சொல்லியும் மாற்றியும் பழகிய பின்னர் ஒருமை, பன்மை என்ற பெயர்களைக் கொடுக்கலாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது கட்டுரை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணி, மூன்றாந் தரத்திலிருந்தே ஆயத்தக் கட்டுரைகளைப் பாடமாக்க வைக்கிறார்கள். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் வளரும் பிள்ளை ‘எங்கள் வீட்டுப் பசு’ என்று பத்து வாக்கியம் பிழையின்றி எழுதும்; நேற்றுக் காலிமுகத்திடலில் பட்டம் விட்டதை மூன்று வாக்கியத்தில் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும். அதற்குத் தெரிந்ததை முதலில் வாயால் சொல்லவிடுங்கள், பிறகு எழுதட்டும். ‘நூல் அந்துட்டு’ என்று பேச்சுவழக்கில் எழுதினால், அதை வெட்டாமல் ‘நூல் அறுந்துவிட்டது’ என்று அருகில் எழுதிக் காட்டலாம். பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்பாமல், இந்த வாரம் குறில் நெடில், அடுத்த வாரம் ஒற்று என்று ஒவ்வொரு வகையாகத் திருத்துங்கள். திருத்துமுன், எழுதியதைப் பிள்ளையையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட எழுத்துகள் சிலவற்றை அது தானே கண்டுபிடித்துச் சேர்த்துவிடும்.